சின்ன ரயில் மோட்டாருக்கு பி.டபிள்யூ.எம்.: டர்பன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மாடல் ரயில் வைத்திருக்கிற நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டு வகை. அப்பா காலத்து லிமா கம்பெனி ரயில் பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கித் தூசு தட்டியவர்கள் ஒரு பக்கம். பிள்ளைக்கு ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன மின்னணு போர்டு) வாங்கிக் கொடுத்துவிட்டு அதில் தாங்களே மாட்டிக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் கடைசியில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பி.டபிள்யூ.எம். (பல்ஸ் விட்த் மாடுலேஷன்) என்பது மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விட்டு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை. இங்கே சொல்வதெல்லாம் டிசியில் ஓடும் 12 வோல்ட் பிரஷ் மோட்டார்களுக்கு, அதாவது 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் என் கேஜ், 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் ஹெச்ஓ, ஓஓ வகை எஞ்சின்களுக்கு.

பி.டபிள்யூ.எம். என்றால் வோல்டேஜைக் குறைப்பதுதானே?

இல்லை. போவது முழு 12 வோல்ட்தான், விட்டு விட்டுப் போகிறது, அவ்வளவுதான். ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு நேரம் கரன்ட் திறந்திருக்கிறதோ அதைத்தான் ட்யூட்டி சைக்கிள் என்கிறோம். நாலில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் 25 சதவீதம், மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பார்த்தால் சுமார் 3 வோல்ட் காட்டும். அந்த 3 வோல்ட் என்பது மீட்டர் போட்ட சராசரிக் கணக்கு, கம்பியில் எந்த நேரத்திலும் 3 வோல்ட் இருப்பதில்லை. இருப்பது 12 அல்லது ஒன்றுமில்லை.

சராசரி எடுக்கிற வேலையை நிஜத்தில் செய்வது மோட்டாரின் கம்பிச்சுற்று. அதற்கு இன்டக்டன்ஸ் இருப்பதால் கரன்ட்டை சட்டென்று ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. சில மோட்டார் இந்த வேலையை நன்றாகச் செய்யும், சில மோட்டார் அரைகுறையாகச் செய்யும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் கீழே இருக்கிற பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பழைய கன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது, குமிழைத் திருப்பினால் ஓடுகிறது. அது போதாதா?

வேகமாக ஓட்ட மட்டும் என்றால் போதும். ஸ்டேஷனுக்குள் மெதுவாக நுழைந்து நிற்க வேண்டும் என்றால்தான் அது காலை வாரும்.

பழைய பெட்டிகளில் பலவற்றில் உள்ளே இருப்பது தொடராக இணைத்த ஒரு ரெசிஸ்டன்ஸ். எஞ்சின் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் அதிக கரன்ட் கேட்கும். அதே கரன்ட் ரெசிஸ்டன்ஸ் வழியாகப் போகும்போது அங்கேயே நிறைய வோல்ட் செத்துப்போகும், மோட்டாருக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். நீங்கள் இன்னும் திருப்புவீர்கள், இன்னும் திருப்புவீர்கள், திடீரென்று சக்கரம் விடுபடும், உடனே மோட்டார் கேட்கிற கரன்ட் குறையும், ரெசிஸ்டன்ஸில் சாகிற வோல்ட்டும் குறையும், வண்டி எகிறி ஓடும். பி.டபிள்யூ.எம்.மில் ஒவ்வொரு துடிப்பும் முழு 12 வோல்ட் என்பதால் பிடித்துக்கொண்டிருக்கிற சக்கரத்தைத் தட்டித் தட்டி விடுவிக்கும், ஆனால் சராசரி குறைவு என்பதால் வேகம் ஏறாது.

பெரிய வண்டிகளும் இதே வழியில்தான் வந்தன. நம்ம ஊர் 3000 வோல்ட் டிசி லைனில் ஓடிய 1இ தொடங்கி 6இ1 வரை உள்ள மின்சார எஞ்சின்கள் ரெசிஸ்டன்ஸ் வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தியவை. 1985இல் வந்த 10இ வகைதான் சாப்பர் கன்ட்ரோலோடு வந்தது. சாப்பர் என்றால் வேறொன்றுமில்லை, மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்புவது. உங்கள் மேசை மேல் நடப்பதும் அதுதான், அளவுதான் சின்னது.

சரி, எந்த ஃப்ரீக்குவென்சி, அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு, வைக்கலாம்?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். அதிகமாகத் தப்பாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். "20 கிலோஹெர்ட்ஸ் போடு" என்று ஒருவர் சொல்வார், "100 ஹெர்ட்ஸ்தான் நல்லது" என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். ரெண்டு பேரும் தங்கள் மோட்டாரைப் பொறுத்தவரை சரி.

மோட்டார் கம்பிச்சுற்றின் இன்டக்டன்ஸை அதன் ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் ஒரு நேரம் கிடைக்கும். கரன்ட் ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும் என்பதற்கு அதுதான் அளவு. உதாரணத்துக்கு ஒரு பழைய இரும்புக்கோர் மோட்டாரில் 10 மில்லிஹென்றி, 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அரை மில்லிசெகண்ட் வருகிறது. 100 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10 மில்லிசெகண்ட். அதற்குள் கரன்ட் முழுதாக ஏறி முழுதாக இறங்கிவிடும், ஒவ்வொரு துடிப்பும் ஒரு தனி உதை. 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 50 மைக்ரோசெகண்ட்தான், கரன்ட் அசையவே நேரமில்லை, கிட்டத்தட்ட நேர்கோடாகப் போகும். உதை இல்லை, சத்தமும் இல்லை.

மூன்று துருவ ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) உள்ள பழைய லிமா மாதிரி மோட்டாருக்கு அந்த உதை வேண்டும். மூன்று துருவம் என்பதால் சுற்றும்போது ஒரு இடத்தில் பிடித்து ஒரு இடத்தில் விடும், தவழ்கிற வேகத்தில் அந்தப் பிடியைத் தாண்டுவதற்குக் குறைந்த ஃப்ரீக்குவென்சி உதவும். 80 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வைத்துப் பாருங்கள். உறுமும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோர்லெஸ் மோட்டாருக்கு இது நேர்மாறு. அதில் இரும்பு இல்லை, இன்டக்டன்ஸ் ரொம்பக் குறைவு. குறைந்த ஃப்ரீக்குவென்சியில் கரன்ட் சதுரம் சதுரமாக ஏறி இறங்கும், அங்கேதான் சூடு வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வேகத்துக்கு 0.1 ஆம்பியர் சீராகப் போனால் போதும் என்று வையுங்கள். அதே இழுவையை 25 சதவீத ட்யூட்டியில் துண்டு துண்டாகக் கொடுக்க ஒவ்வொரு துண்டிலும் 0.4 ஆம்பியர் போக வேண்டும். சூடு கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 0.16ஐ நாலில் ஒரு பங்காக்கினால் 0.04. சீராகப் போயிருந்தால் 0.01தான். இழுவை அதே, சூடு நாலு மடங்கு. விரல் நகம் அளவு மோட்டாருக்குள் அந்தச் சூடு வெளியேற வழியே கிடையாது. கோர்லெஸுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காதீர்கள்.

ஐந்து துருவ இரும்புக்கோர் மோட்டார் உள்ள இன்றைய எஞ்சின் எதிலும் ஓடும், ஆகவே சத்தமில்லாத பக்கமே போய்விடுங்கள்.

என்னுடையது கோர்லெஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மோட்டாரைக் கழற்றி, பினியனை (தண்டின் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரத்தை) விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். கட்டுக் கட்டாக ஒரு பிடி தெரிந்தால் இரும்புக்கோர். வழுவழுவென்று எந்தப் பிடியும் இல்லாமல் சுற்றினால் கோர்லெஸ். சில ஐந்து துருவ மோட்டார்களில் துருவத்தைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், அதில் பிடி ரொம்ப லேசாகத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் கோர்லெஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை.

ஆர்டுயினோ ஊனோ போட்டேன், காதருகே கொசு பாடுவது போல ஒரு சத்தம். எப்படி நிறுத்துவது?

அனலாக்ரைட் கட்டளை சாதாரணமாகக் கொடுப்பது சுமார் 490 ஹெர்ட்ஸ், 5, 6ஆம் பின்களில் மட்டும் 980. ரெண்டுமே காதுக்கு நன்றாகக் கேட்கிற எல்லைக்குள்தான் இருக்கின்றன. 9 அல்லது 10ஆம் பின்னுக்கு மாற்றுங்கள். அந்த ரெண்டையும் ஓட்டுவது டைமர் 1. அதன் ப்ரீஸ்கேலரை (டைமரின் கடிகாரத் துடிப்பை வகுக்கிற எண்ணை) 1 ஆக்கினால் 31 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடும், மனுஷக் காதுக்குக் கேட்காது. 256 ஆக்கினால் சுமார் 122 ஹெர்ட்ஸ் வரும், பழைய லிமாவுக்கு அது தோது. 5, 6ஆம் பின்களின் டைமர் 0வில் மட்டும் கை வைக்காதீர்கள், நேரம் எண்ணுகிற வேலையெல்லாம் அதை நம்பித்தான் நடக்கிறது. மாற்றினால் டிலே, மில்லிஸ் எல்லாம் தாறுமாறாகிவிடும்.

மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டுகளில் எல்298என் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் சமாச்சாரம் அது, சுமார் 2 வோல்ட்டைத் தானே தின்றுவிட்டுச் சூடாகும். 12 கொடுத்தால் தண்டவாளத்துக்கு 10 வரும். என் கேஜ் வண்டிக்கு 10 வோல்ட்டே தேவைக்கு அதிகம் என்பதால் அங்கே இது பெரிய குறை இல்லை.

மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) வைத்த டி.பி.6612 டிரைவர் சின்னது, சூடாகாது, ஒரு சேனலுக்கு 1.2 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும். ஆனால் மோட்டார் சப்ளை 13.5 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பேட்டரிக் கேள்வியில் திரும்ப வரும். டி.ஆர்.வி.8871 என்றால் 6.5 முதல் 45 வோல்ட் வரை கவலையில்லை, உச்சத்தில் 3.6 ஆம்பியர். ஒரே ஒரு தண்டவாளச் சுற்று என்றால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஆர்டுயினோவெல்லாம் வேண்டாம் அண்ணா, பையனின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்கு எளிமையாக ஏதாவது?

555 என்கிற டைமர் ஐசி இருக்கவே இருக்கிறது. 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று, ரெண்டு சின்ன டயோடு, ஒரு கெப்பாசிட்டர். பொட்டென்ஷியோமீட்டரின் ஒரு பக்கம் வழியாகக் கெப்பாசிட்டர் ஏறும், மறுபக்கம் வழியாக இறங்கும், ஆகவே குமிழைத் திருப்பினால் ட்யூட்டி மட்டும் மாறும், ஃப்ரீக்குவென்சி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். கெப்பாசிட்டர் 10 நானோஃபாரட் என்றால் சுமார் 1.4 கிலோஹெர்ட்ஸ், 1 நானோஃபாரட் என்றால் சுமார் 14 கிலோஹெர்ட்ஸ், 100 நானோஃபாரட் என்றால் 140 ஹெர்ட்ஸ் பக்கம். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், டீச்சருக்கு அதுவே பெரிய விஷயமாக இருக்கும்.

555இன் வெளியீட்டை நேராக மோட்டாரில் கொடுக்காமல் நடுவில் ஒரு மாஸ்ஃபெட் வையுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் 555 என்றால் சாதாரண மாஸ்ஃபெட்டே போதும். 5 வோல்ட் ஆர்டுயினோவிலிருந்து ஓட்டுவதானால் ஐ.ஆர்.எல்.இசட்.44என் மாதிரி லாஜிக் லெவல் வகை வேண்டும், இல்லையென்றால் பாதி திறந்து, பாதி மூடி, அடுப்பாகிவிடும். மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்கும் தரைக்கும் (மைனஸ் முனைக்கும்) நடுவே ஒரு 10 கிலோஓம் போடுங்கள், ஆர்டுயினோ விழித்தெழும் அந்த ஒரு நொடியில் வண்டி தானாகப் பாயாமல் இருக்கும்.

மோட்டாருக்குக் குறுக்கே டயோடு கட்டாயமா?

ஒற்றை மாஸ்ஃபெட் என்றால் கட்டாயம். மூடிய நேரத்தில் கம்பிச்சுற்றில் இருக்கிற கரன்ட் எங்கேயாவது போயே ஆக வேண்டும். வழி விடாவிட்டால் அதுவே வோல்டேஜை ஏற்றி மாஸ்ஃபெட்டை உடைத்துக்கொண்டு போகும். எல்லோர் டப்பாவிலும் இருக்கிற 1என்4007 குறைந்த ஃப்ரீக்குவென்சிக்குச் சரி, 20 கிலோஹெர்ட்ஸுக்கு அது மந்தம், 1என்5819 மாதிரி ஷாட்கி வகை வேகமான டயோடு போடுங்கள். முன்னே பின்னே ஓட்டும் ஹெச்-பிரிட்ஜ் என்றால் கதை வேறு, அதில் மோட்டாருக்குக் குறுக்கே டயோடு வைத்தால் திசை மாற்றியதும் ஷார்ட். டி.பி.6612, டி.ஆர்.வி.8871 ரெண்டிலும் இதற்கான வழி உள்ளேயே இருக்கிறது.

லோட் ஷெட்டிங் நேரத்தில் வாசல் கேட் மோட்டாரின் பேட்டரியில் ஓட்டலாமா?

தாராளமாக. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்றாவது கிடக்கும். 0.3 ஆம்பியர் எடுக்கும் ஒரு எஞ்சினுக்கு, பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் நிறுத்தினாலும், ஒரு சாயங்காலத்தைத் தாண்டி ஓடும்.

ரெண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, ப்ளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ். சின்ன அடாப்டர் ஷார்ட் ஆனால் தானே அடங்கிவிடும், லெட் ஆசிட் அடங்காது, தண்டவாளத்தில் ஒரு ஸ்க்ரூட்ரைவர் குறுக்கே விழுந்தால் மெல்லிய வயரைச் சிவக்க வைத்துவிடும். ரெண்டாவது, நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் பக்கம் இருக்கும், சார்ஜரில் மாட்டியே வைத்திருந்தால் 13.8 வரை நிற்கும். டி.பி.6612இன் எல்லை 13.5 என்று மேலே சொன்னேன். கரன்ட் போனபோது நன்றாக ஓடிய போர்டு கரன்ட் வந்த பிறகு செத்துப்போனது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சாதாரண நாளில் வாங்கிய 12 வோல்ட் அடாப்டர் போதும். 230 வோல்ட் பக்கம் நீங்களே எதையும் கட்டாதீர்கள்.

குமிழைக் கால்வாசி திருப்பும் வரை ஒன்றுமே நடக்கவில்லையே?

எந்த எஞ்சினுக்கும் கிளம்ப ஒரு குறைந்தபட்ச ட்யூட்டி உண்டு. 0 முதல் 255 வரை உள்ள அளவில் உங்கள் வண்டி 55இல்தான் அசைகிறது என்றால், குமிழ் சும்மா இருக்கும்போது 0, லேசாகத் திருப்பியதும் நேராக 55 என்று புரோகிராமில் எழுதிவிடுங்கள், மிச்சத்தை 55க்கும் 255க்கும் நடுவே பரப்புங்கள். உச்சத்தையும் 180 மாதிரி எங்காவது நிறுத்தலாம், பிள்ளைகள் கையில் கிடைத்தால் வளைவில் பறந்து தரையில் விழாது. அப்புறம், குமிழ் சொல்கிற வேகத்துக்கு உடனே போகாமல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு படி என்று ஏற்றுங்கள், கனமான வண்டி கிளம்புகிற மாதிரி இருக்கும்.

மேடு ஏறும்போது வேகம் குறைகிறது. அதற்கு என்ன வழி?

சுற்றுகிற மோட்டார் தானே ஒரு டைனமோவும்கூட. துடிப்பு இல்லாத இடைவெளியில் அது உண்டாக்கும் வோல்டேஜ் அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும், பேக் இஎம்எஃப் என்பது அதுதான். நொடிக்கு 50, 100 முறை டிரைவரை முழுதாக அணைத்து, கம்பிச்சுற்றின் கரன்ட் அடங்க ஒரு மில்லிசெகண்ட் பொறுத்து, 10 கிலோஓமும் 4.7 கிலோஓமும் வைத்துப் பிரித்து ஆர்டுயினோவின் அனலாக் பின்னில் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் ட்யூட்டியை ஏற்றுங்கள். ஒரே ஒரு அளவை நம்பாமல் நாலைந்து எடுத்துச் சராசரி போடுங்கள், பிரஷ் பொறி பறக்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது. அளக்கிற அந்த நேரத்தில் டிரைவர் பிரேக்கில் இருக்கக்கூடாது, சும்மா விட்டிருக்க வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான், பிரேக்கில் மோட்டார் முனைகள் ஷார்ட் ஆகியிருக்கும், அளந்தால் சுழிதான் வரும்.

டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) டிகோடர் உள்ள எஞ்சினை இதில் ஓட்டலாமா?

வேண்டாம். அந்த டிகோடரே உள்ளே மோட்டாருக்கு பி.டபிள்யூ.எம்.தான் செய்கிறது. வெளியிலிருந்து நீங்கள் இன்னொன்றைத் தண்டவாளத்தில் அனுப்பினால் அது குழம்பும், சில நேரம் தறிகெட்டு ஓடும், கெட்டும் போகலாம். டிகோடரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் சீரான டிசி கொடுங்கள்.

நம்ம ஊர் ரயில் மாதிரியே இருக்க எந்த அளவில் கட்டுவது?

இது மோட்டார் கேள்வி மாதிரித் தெரியாது, ஆனால் மோட்டார் அளவைத் தீர்மானிப்பதே இதுதான். நம்ம ஊர் ரயிலின் தண்டவாள இடைவெளியான கேப் கேஜ் 1067 மி.மீ. வேடிக்கை என்னவென்றால், 1860 ஜூனில் டர்பன் பாயின்ட்டிலிருந்து மார்க்கெட் ஸ்கொயருக்கு ஓடிய முதல் ரயில் 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜ், அதே வருஷம் நவம்பரில்தான் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளான நம் ஆட்களோடு இங்கே வந்து சேர்ந்தது. நேட்டாலில் கேப் கேஜ் வந்தது அதற்கு அப்புறம். ஹெச்ஓ என்கிற 1:87 அளவு 16.5 மி.மீ. தண்டவாளத்துக்கு ஸ்டாண்டர்ட் கேஜாகத்தான் கணக்கு வரும், கேப் கேஜ் வண்டியை அதில் வைத்தால் சக்கரம் அகலமாகத் தெரியும். அதே தண்டவாளத்தில் 1:64 வண்டி வைத்தால் 1056 வருகிறது, 11 மி.மீ.தான் வித்தியாசம். இடம் இல்லையென்றால் 9 மி.மீ. தண்டவாளத்தில் 1:120 வைத்தால் 1080.

1:64 வண்டியில் நல்ல பெரிய ஐந்து துருவ மோட்டார் உட்காரும், ஃப்ரீக்குவென்சி பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். 1:120இல் இடம் போதாமல் கோர்லெஸ் பக்கம் போவீர்கள், அப்போது மேலே சொன்ன சூட்டுக் கணக்கு உங்களுக்குத்தான்.

காவடி நேரத்தில் சின்ன அலங்காரத் தேரைச் சுற்ற வைக்க இதே கன்ட்ரோலர் போதுமா?

கார் வைப்பர் மோட்டாரைத்தானே மனதில் வைத்திருக்கிறீர்கள். தத்துவம் அதேதான், ஆனால் அது சில ஆம்பியர் இழுக்கும், சிக்கிக்கொண்டால் இன்னும் பல மடங்கு. மேலே சொன்ன சின்ன டிரைவர் எதுவும் தாங்காது, பி.டி.எஸ்.7960 போர்டு போடுங்கள், ஃபியூஸையும் அதற்கேற்ற மாதிரி பெரிதாக்குங்கள். பூச்சரம் தண்டில் சுற்றிக்கொள்ளாமல் ஒரு மூடி போடுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் கட்டினேன், ஆனாலும் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது.

கன்ட்ரோலரைத் திட்டுவதற்கு முன்னால் தண்டவாளத்தைத் துடையுங்கள். டர்பன் கடற்காற்றுக்குப் பித்தளைத் தண்டவாளம் சீக்கிரமே கருத்துவிடும். நிக்கல் சில்வர் பரவாயில்லை, ஆனால் அதுவும் தப்பாது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் ரெண்டு தண்டவாளத்தையும், அப்புறம் எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பையும் துடையுங்கள். துணியில் கரி மாதிரிக் கறுப்பு வரும், வராமல் நிற்கும் வரை துடைக்க வேண்டும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

அதற்குப் பிறகும் தடுக்கினால் மோட்டார் முனைகளில் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். ரேடியோ இரைச்சலுக்காக வைத்தது. 100 நானோஃபாரட்டோ அதற்கு மேலோ இருந்தால் அதிக ஃப்ரீக்குவென்சியில் ஒவ்வொரு துடிப்பிலும் அது ஒரு மடக்குக் கரன்ட்டைக் குடித்துக் கக்கும், டிரைவரின் பாதுகாப்பு அதை ஷார்ட் என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடும். கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.